நாய் நொண்டுகிறதா, பாதத்தை நக்குகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இந்த ராமநாதபுரம் கரையில் வளரும் நாய்க்குப் பாதத்தில் தொல்லை வராமல் ஒரு வருஷம் கழிவது அபூர்வம். தண்ணீரோரம் சிப்பி, பாறையில் ஒட்டி வளரும் கூரிய ஓட்டுயிரான கொட்டலசு, அறுத்துப் போட்ட நைலான் நரம்பு வலை. மணல் மேட்டில் ராவணன் மீசை என்ற முள் புல். ஊருக்குள் திரும்பினால் சீமைக்கருவேல முள். சித்திரை வெயிலில் தார் ரோடு. இதில் பெரும்பாலானவை வீட்டிலேயே பார்த்து முடிக்கக்கூடியவை. சில மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. ஒவ்வொரு அறிகுறிக்கும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: ஒரு காலா, நாலு காலுமா?

பாதிக் குழப்பம் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். ஒரே ஒரு பாதத்தில் தொல்லை என்றால் ஏதோ குத்தியிருக்கிறது, கிழித்திருக்கிறது, சுற்றியிருக்கிறது, அல்லது அங்கே ஒரு கட்டி இருக்கிறது. இரண்டு முன்கால்களிலோ நாலிலுமோ ஒரேபோலச் சிவப்பும் நக்கலும் இருந்தால் அது தோல் சமாச்சாரம்: ஒவ்வாமை, பூஞ்சை, உண்ணி, சூடு. நாலு காலும் சிவந்திருக்கும் நாய்க்கு முள் தேடுவதும், ஒரு காலை மட்டும் நக்கும் நாய்க்கு ஷாம்பு மாற்றுவதும் வீண் வேலை.

## தொடும் முன் கவனிக்க

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். இரண்டு அங்குல அகல பேண்டேஜ் துணி ஒன்றரை மீட்டர் எடுத்து, மூக்குத் தண்டின் மேல் ஒரு சுருக்கு. இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய், காதுகளுக்குப் பின்னால் உருவு முடிச்சாகப் போடுங்கள். இழுத்தால் உடனே அவிழ வேண்டும். வாய் கட்டிய நாயால் நாக்கை நீட்டி இளைக்க முடியாது என்பதால் சில நிமிஷங்களுக்கு மேல் வேண்டாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், வெயிலில் ஓடிவந்து இளைக்கும் நாய்க்கும் கட்டவே கூடாது.

ஒரே ஒரு நிலையில் தொடவே வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய், முன்பு வேறு நாய் கடித்த அதே காலை வெறித்தனமாகக் கடித்துக் குதறுகிறது, குணம் மாறியிருக்கிறது, எச்சில் வடிகிறது, குரைப்பு கரகரக்கிறது என்றால் அது முள் குத்தியதன் வேதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெறிநோயிலும் கடிபட்ட இடத்தில் இப்படித்தான் குறுகுறுப்பு வரும். அறையில் அடைத்துவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது கடித்திருந்தாலோ, எச்சில் உங்கள் காயத்தில் பட்டிருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

## பாதத்தைப் பார்க்கும் முறை

நல்ல வெளிச்சத்தில் நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நன்றாக இருக்கும் காலை முதலில் பாருங்கள். எது சாதாரணம் என்று கைக்குத் தெரிந்தால்தான் எது கோளாறு என்று பிடிபடும்.

பாதத்தின் அடியில் நாலு விரல் மெத்தைகள், நடுவில் பெரிய மெத்தை, முன்காலில் மணிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மெத்தை. பிறகு விரலிடுக்குகளை மேல்பக்கமும் அடிப்பக்கமும் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு நகத்தையும் தனித்தனியாக இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் இடம்: முன்காலின் உள்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் அந்தக் கட்டைவிரல். மருத்துவர்கள் டியூ க்ளா என்பார்கள். இங்கே ஒட்டுவிரல் என்றே சொல்வோம்.

கணக்கு இதுதான்: முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகம். பின்காலிலும் ஒட்டுவிரல் இருந்தால் 20. அது இரட்டையாக இருந்தால் 22. குட்டி வாங்கும்போது நகத்தை எண்ணி ராசி பார்ப்பவர்கள் எண்ணியதோடு நிறுத்திவிடாமல், அந்தக் கூடுதல் நகத்தை ஆயுசு முழுக்க வெட்டிவிடவும் வேண்டும். தரையில் படாத நகம் தானாகத் தேயாது.

## அறிகுறி 1: திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது

### ரத்தம் இல்லை

முதல் சந்தேகம் முள். நெருஞ்சி மெத்தையில் குத்தி வெளியே தெரியும், கையால் எடுத்துவிடலாம். ராவணன் மீசையின் கூரிய நுனி விரலிடுக்கின் மெல்லிய தோலில் ஏறும். மோசமானது கருவ முள். விறைப்பாக, ஆழமாக இறங்கி, நாய் காலை உதறும்போது உள்ளேயே ஒடிந்துகொள்ளும். மேலே பார்த்தால் மெத்தையில் கடுகளவு கரும்புள்ளி, அவ்வளவுதான். பேனா மூடி மாதிரி மழுங்கிய ஒன்றால் மெத்தையை ஒவ்வொரு இடமாக மெதுவாக அழுத்துங்கள். நாய் வெடுக்கென்று காலை இழுக்கும் இடம்தான் முள் இருக்கும் இடம்.

நுனி தெரிந்தால்: அரை லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு (தலைதட்டி), வெதுவெதுப்பாக ஆறியதும் பாதத்தை 10 நிமிஷம் ஊற வையுங்கள். மெத்தை இளகும். ட்வீசரால் முள் இறங்கிய அதே சாய்வில் இழுங்கள். நேராக மேலே தூக்கினால் ஒடியும். வந்த முள்ளின் நுனியைப் பாருங்கள். கூராக இருந்தால் முழுசாக வந்திருக்கிறது, மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது.

நுனி தெரியாவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் ஊற வைத்து இரண்டு நாள் பார்க்கலாம். மூன்றாம் நாளும் நொண்டினாலோ, மணிக்கட்டுப் பக்கம் வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைதான். எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றும் இல்லையே என்று திரும்பிவிட வேண்டாம். மரமுள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிய வாய்ப்பு உண்டு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நரம்பு. அறுந்த மீன்பிடி நரம்பு விரலையோ மணிக்கட்டையோ சுற்றி, ஈர முடிக்குள் மறைந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளத்துக்குக் கீழே மட்டும் வீங்கியிருக்கும். முனை மழுங்கிய கத்தரியால் முடியோடு சேர்த்து அறுத்து எடுங்கள். விரல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் சில மணி நேரத்தில் வீக்கம் வடியும். குளிர்ந்து, நீலம் அல்லது கறுப்பு ஏறியிருந்தால் அப்போதே மருத்துவரிடம்.

முள், நரம்பு இரண்டும் இல்லை. ஒரு விரலை மடக்கி நீட்டினால் கத்துகிறது, மற்ற விரலைவிட அது கோணலாக நிற்கிறது என்றால் எலும்பு முறிவோ மூட்டு நழுவலோ. படகிலிருந்து குதிக்கும்போதும், பாறை இடுக்கில் கால் மாட்டும்போதும் நடப்பது. நீவிவிடக் கூடாது. பாதம் முழுக்கப் பஞ்சு வைத்துச் சுற்றி, தூக்கிக்கொண்டு போங்கள்.

### ரத்தம் வருகிறது

கொட்டலசு அப்பிய பாறையும் மட்டி ஓடும் மெத்தையை பிளேடு போல அறுக்கும். மெத்தையில் ரத்த ஓட்டம் அதிகம். சின்ன வெட்டுக்கும் தரையெல்லாம் ரத்தமாகும். பதற வேண்டாம். சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் ரத்தம் நிற்காமல் போவதற்குக் காரணம்.

நின்ற பிறகு உப்புத் தண்ணீரை ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்து மணலை அடித்துக் கழுவுங்கள். ஒரு பொடி மணல் உள்ளே தங்கினாலும் மூடிய காயம் மறுபடி வெடிக்கும். 200 மி.லி. தண்ணீரில் 5 மி.லி. பீட்டாடின், வெளுத்த டீ நிறத்தில் கலந்து ஒருமுறை ஊற்றினால் போதும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் புதிதாக வளரும் சதையையும் சேர்த்து அழிக்கும்.

காயம் வாய் பிளந்திருந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமிருந்தால், அல்லது இரண்டு முறை பத்துப் பத்து நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் தையல் தேவை. அன்றைக்கே போனால் தைத்துவிடுவார்கள். மறுநாள் போனால் பல நேரம் தைக்க மாட்டார்கள், திறந்தே வைத்து வாரக்கணக்கில் ஆற்ற வேண்டியிருக்கும்.

தூண்டில் முள் ஏறியிருந்தால் நரம்பைச் சாண் நீளம் விட்டு அறுங்கள், பின்னோக்கி இழுக்காதீர்கள். கொக்கியின் செதில் (நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்) மறுபக்கம் வெளியே வந்திருந்தால் கட்டிங் பிளேயரால் செதிலை வெட்டிவிட்டு, வந்த வழியே உருவலாம். செதில் உள்ளேயே இருந்தால் மயக்க ஊசி இல்லாமல் எடுப்பது நாய்க்குச் செய்யும் கொடுமை.

### சில நிமிஷத்தில் வீங்குகிறது, அலறுகிறது

கரையில் ஒதுக்கிப் போட்ட கெளுத்தி மீனையோ திருக்கையையோ மிதித்திருக்கலாம். இரண்டின் முள்ளிலும் விஷம் உண்டு. செத்த மீனிலும் முள் குத்தும். இந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். உங்கள் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் பாதத்தை முக்கி வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். வலி தணிந்தாலும் முள் ஒடிந்து உள்ளே நிற்கக்கூடும் என்பதால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

மீன் எதுவும் இல்லாத மணல் மேட்டிலோ முள் புதரிலோ இது நடந்தால் பாம்பு என்று கொள்ளுங்கள். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இந்த மண்ணில் உண்டு. வீக்கம் மேலேறும், கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஊற வைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள், போகும் வழியிலேயே போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாத இடத்துக்குப் போய் இழக்கும் நேரம் உயிர்.

## அறிகுறி 2: ஒட்டுவிரலில் ரத்தம், தொங்கல், நாற்றம்

நாய் லேசாகத்தான் நொண்டும், சில நேரம் நொண்டவே செய்யாது. ஆனால் மணிக்கட்டின் உள்பக்கத்தை ஓயாமல் நக்கும். பாதத்தில் தேடி ஒன்றும் காணாமல் விட்டுவிடுவார்கள். காரணம் இரண்டு விரற்கடை மேலே இருக்கும்.

### முதலில் இது எந்தக் கால் என்று பாருங்கள்

முன்காலின் ஒட்டுவிரல் வேண்டாத உறுப்பு இல்லை. அதில் எலும்பு, மூட்டு, தசைநார் எல்லாம் உண்டு. நாய் வேகமாக ஓடித் திரும்பும்போது மணிக்கட்டு மடங்கித் தாழும். அப்போது அந்த விரல் மண்ணில் ஊன்றி, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும். ஈர மணலில் ஓடிய நாயின் தடத்தைக் குனிந்து பார்த்தால், திருப்பத்தில் நாலு விரல் பதிவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கீறல் தெரியும். ஒட்டுவிரலின் கையெழுத்து அது. எலும்பைப் பிடித்துக் கடிப்பதும், தண்ணீரிலிருந்து வழுக்குப் பாறையில் ஏறுவதும் அதன் உதவியில்தான். கன்னி, சிப்பிப்பாறை, மண்டை மாதிரி ஓட்டத்துக்கு வளர்க்கும் நாட்டு நாய் இனங்களில் முன்கால் ஒட்டுவிரலை அழகுக்காக எடுப்பது பெரிய தவறு.

பின்காலில் கதை வேறு. நம் நாய்களில் அது பெரும்பாலும் தோலில் மட்டும் ஒட்டித் தொங்கும். விரலால் பிடித்து ஆட்டுங்கள்: உள்ளே குச்சி மாதிரித் தட்டுப்பட்டு, காலோடு சேர்ந்து நின்றால் எலும்பு உண்டு, காதுத் தொங்கட்டான் போல எல்லாப் பக்கமும் ஆடினால் வெறும் தோல். எல்லா நாயிலும் பின் ஒட்டுவிரல் பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பிரான்சின் போசரான், பிரியார் இனங்களுக்குப் பின்காலில் இரட்டை ஒட்டுவிரல் இருப்பதே இன இலக்கணம். நார்வே கடலோரச் செங்குத்துப் பாறைகளில் பறவை பிடிக்க வளர்த்த லுண்டஹுண்ட் நாய்க்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல், ஏறுவதற்கென்றே. நம் கரையில் பின்கால் ஒட்டுவிரல் செய்வது பெரும்பாலும் வலையில் மாட்டுவதும் முள்ளில் கிழிவதும்தான்.

### நகம் வளைந்து சதையில் இறங்கியிருக்கிறது

மிகவும் சாதாரணமான காரணம், மிகவும் தவிர்க்கக்கூடியதும். வட்டமாக வளைந்த நகம் தன் விரலின் மெத்தையிலேயே குத்தி நிற்கும். முடியை விலக்கினால்தான் தெரியும். முனை தோலைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் வெட்டி, உப்புத் தண்ணீரில் மூன்று நாள் கழுவினால் போதும். உள்ளே இறங்கிச் சீழ் இருந்தால் நகத்தை நடுவில் வெட்டி, இறங்கிய துண்டை வளைவின் போக்கில் உருவ வேண்டும். ரத்தமும் வரும், வலியும் அதிகம். மருத்துவரிடம் செய்வதே நல்லது; ஆன்டிபயாட்டிக் தேவையா என்றும் அவரே சொல்வார்.

வெட்டும் முறை: நாய்க்கான நகவெட்டி, ஒவ்வொரு தடவைக்கும் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் உயிர்ச்சதை தெரியும். அதற்கு முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல உலர்ந்து வெளிறி இருக்கும். இன்னும் வெட்டினால் நடுவில் ஈரமான கரும்பொட்டு ஒன்று தோன்றும். அதுதான் எல்லை. தாண்டி ரத்தம் வந்தால் சோளமாவையோ தூளாக்கிய படிகாரத்தையோ நகத்தின் முகத்தில் வைத்து ஐந்து நிமிஷம் அழுத்துங்கள். ஒட்டுவிரலுக்கு மட்டும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கும். மணலில் மட்டுமே நடக்கும் நாய்க்கு மற்ற நகங்களும் குறைவாகத்தான் தேயும்.

### நகம் பிளந்து தொங்குகிறது

நுனி மட்டும் விரிந்து, ரத்தம் இல்லை என்றால் பிளவுக்கு மேல் வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

நகத்தின் ஓடு கழன்று, உள்ளே சிவந்த சதை தெரிந்தால் அந்த ஓடு மறுபடி ஒட்டாது. அது ஆடும் ஒவ்வொரு முறையும் நாய்க்கு உயிர் போகிற வலி. அதை அடியோடு எடுப்பது மருத்துவர் வேலை. மரத்துப்போக வைத்து ஒரே இழுப்பில் முடித்துவிடுவார்கள். உள்ளே நிற்கும் சதை ஒன்றிரண்டு வாரத்தில் இறுகும்; புது நகம் முழுசாக வர மாதங்கள் ஆகும், கொஞ்சம் கோணலாகவும் வரலாம்.

விரலே வெளிப்பக்கம் மடங்கி நிற்கிறது என்றால் மூட்டு நழுவியிருக்கிறது. எக்ஸ்ரே வேண்டும்.

### எடுத்துவிடலாமா?

முன்காலில்: கட்டி, சரிசெய்ய முடியாத முறிவு, விடாத எலும்புச் சீழ் இவை இருந்தால் மட்டும். பின்காலில் தோலில் தொங்குவது ஒருமுறை கிழிந்ததற்காக எடுக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கிழிந்தால் எடுக்கலாம். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே சேர்த்துச் செய்யச் சொன்னால் இரண்டாவது மயக்கமும் செலவும் மிச்சம். பிறந்த குட்டியில் மருத்துவர் எடுப்பதானால் 3 முதல் 5 நாளுக்குள். அந்த நாள் தாண்டினால் முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைதான். வீட்டில் பிளேடால் நறுக்குவதும், நூல் கட்டி அழுக வைப்பதும் எந்த வயதிலும் கூடாது.

## கட்டுப் போடும்போது நடக்கும் தவறு

நல்ல மனசோடு போட்ட கட்டே விரலைக் கொன்ற கதைகள் ஏராளம். விரலிடுக்குகளிலெல்லாம் மெல்லிய பஞ்சு வையுங்கள். ஒட்டுவிரலுக்கும் காலுக்கும் நடுவில் கட்டாயம். அந்த ஒரு துண்டுப் பஞ்சு இல்லாவிட்டால் அதன் நகம் கட்டுக்குள் காலைக் குத்திப் புண்ணாக்கும். பிறகு பஞ்சுச் சுற்று, அதன்மேல் காஸ் துணி, விரலிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, மணிக்கட்டுக்கு மேல் வரை. நடுவிரல் இரண்டின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும். இரண்டு நகங்களும் விலகி நின்றாலோ, விரல் குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம், உடனே அவிழுங்கள். கட்டு நனையாமல் மேலே மாட்டும் பாலித்தீன் பை, வெளியே போகும் 20 நிமிஷத்துக்கு மட்டும். தினமும் மாற்றுங்கள்; நனைந்தால் அந்த நிமிஷமே.

## அறிகுறி 3: மெத்தை உரிந்து, சிவந்து, நடக்கத் தயங்குகிறது

நாலு காலிலும் இருந்தால் சூடுதான். புறங்கையைத் தார் ரோட்டில் அல்லது மணலில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. கோடையில் காலை எட்டு மணிக்கு முன், மாலை வெயில் தாழ்ந்து தரையும் ஆறிய பின் மட்டும் நடத்துங்கள். தனுஷ்கோடிக்குச் சுற்றிப் பார்க்கக் கூட்டிவரும் நாய்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. வீட்டுத் தரையில் வளர்ந்த மெத்தை அந்த மணலுக்குப் பழகியிருக்காது.

உரிந்தால் குழாய்த் தண்ணீரில் 10 முதல் 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மெத்தையில் சிவந்த சதை தெரிந்தால் மருத்துவர்.

உப்பளப் பக்கம் திரியும் நாய்க்கு இன்னொரு வினை. பாத்தித் தண்ணீரின் உப்பு மெத்தையை உலர்த்தி வெடிக்க வைக்கும், வெடிப்பில் உப்பு ஏறி எரியும், எரிச்சலில் நக்கும், நக்கியதில் புண்ணாகும். வாலிநோக்கம் பக்கத்து நாய்களிடம் இந்தச் சுற்று அடிக்கடி காணலாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் பாதத்தை அலசி, விரலிடுக்கு வரை துடைத்து, இரவில் வெடிப்பில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இந்த மாவட்டத்தில் நல்ல தண்ணீரின் அருமை சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொம்பில் பாதத்தை முக்கி எடுத்தால் போதும்.

சூடும் இல்லை, உப்பும் இல்லை. தடுப்பூசி போடாத குட்டியின் மெத்தை மரக்கட்டை போலத் தடித்து, கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்தால் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து, அன்றே மருத்துவரிடம்.

## அறிகுறி 4: விரலிடுக்கை ஓயாமல் நக்குகிறது

ஒரு காலில் மட்டும் என்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

எல்லாக் காலிலும் என்றால் முதலில் உண்ணி. விரலிடுக்கின் ஆழத்தில் மிளகு போல ஒட்டியிருக்கும். ட்வீசரைத் தோலோடு ஒட்டி வைத்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள், கையால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய், வேஸ்ட் ஆயில் இரண்டும் நக்கிய நாயின் வயிற்றுக்குள்தான் போகும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து ஊற்றுவதும் விஷம். உண்ணியோடு காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனை அவசரம்.

உண்ணி இல்லை, முடி துருப்பிடித்த பழுப்பு நிறமாகி, பழைய மாவு வாடை வந்தால் பூஞ்சை. குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்பு, வாரம் இரு முறை, நுரையோடு 10 நிமிஷம் வைத்து அலசி, நன்றாக உலர்த்துங்கள். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் தோலைச் சுரண்டிப் பார்த்து, சொறிப்பூச்சியா ஒவ்வாமையா என்று மருத்துவர் பிரிப்பார். மனிதரின் படர்தாமரைக்கு மெடிக்கலில் தரும் கலவை க்ரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தடவினால் நாய் நக்கித் தின்னும், புண்ணும் உள்ளே பரவும்.

## அறிகுறி 5: காயத்தில் நாற்றம், துளை, புழு

ஈ மொய்த்த காயத்தில் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். ஒட்டுவிரலின் அடியும் விரலிடுக்கும் அதற்குத் தோதான இடம். முடியை வெட்டி, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் புழுக்கொல்லி ஸ்ப்ரே அடித்து, வெளியே வரும் புழுக்களை ட்வீசரால் ஒவ்வொன்றாக எடுங்கள். மறுநாளும் பாருங்கள், ஆழத்தில் இருப்பது ஒரே நாளில் வராது. பினாயில், பெட்ரோல், அந்துருண்டைத் தூள் மூன்றும் புழுவோடு நாயையும் கொல்லக்கூடியவை. துளை விரற்கடை ஆழத்துக்கு மேல் போனாலோ, எலும்பு தெரிந்தாலோ, நாய் சாப்பிடாமல் படுத்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள்.

## அறிகுறி 6: விரலிடுக்கில் கட்டி, அல்லது ஒரே விரல் வீங்கியே இருக்கிறது

இளம் நாயில், உடைந்து சீழ் வந்து, மூடி, மறுபடி அதே இடத்தில் வந்தால் உள்ளே பழைய முள் இருக்கிறது. வெளியே தடவும் மருந்து எதுவும் அதை எடுக்காது. அறுத்துத் தேட வேண்டும்.

வயதான நாயில் ஒரு விரல் மட்டும் தடித்து, நகம் கோணி அல்லது விழுந்து, மூன்று வாரமாக ஆறவில்லை என்றால் நகக்கண் புற்றுநோயை மனதில் வைக்க வேண்டும். கறுப்பு நாய்களில் கூடுதல் கவனம். எக்ஸ்ரே, சதைத் துண்டுப் பரிசோதனை இரண்டும் வேண்டும். இந்த வசதிக்கு மதுரையோ திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியோ போக நேரலாம். விரலோடு எடுத்துவிட்டால் பல நாய்கள் மூன்று விரலில் நன்றாகவே ஓடும். ஒத்திப்போட்ட மாதங்களை மட்டும் திரும்பப் பெற முடியாது.

## மருத்துவரிடம் போகும்போது

வலிக்குப் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும், நாய்க்குரிய வலி மருந்தை மருத்துவர் போடவும் முடியாமல் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். எடுத்த முள், கொக்கி, நரம்பு எதுவானாலும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்கட்டும். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் கிளம்பும் முன் சோறு வைக்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் கால்நடை மருந்தகம் இல்லாத கரையோர ஊர் என்றால் 1962 எண்ணுக்கு அழைத்து, கால்நடை ஆம்புலன்ஸ் அன்றைக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று கேளுங்கள். வண்டி வரும்வரை நாயை நிழலில், மணல் இல்லாத சாக்கு மேல் படுக்க வைத்து, காயம்பட்ட காலை மேல்பக்கமாக வையுங்கள்.